கடிதம் கணவர் பெயரில், வழக்கு மனைவி பெயரில்: லண்டனில் ஒரு டிவி லைசென்ஸ் நிகழ்வு

பின்னணி

வடமேற்கு லண்டனில் ஒரு தமிழ்ச் சமூக மண்டபத்தில் சனிக்கிழமைகளில் நாங்கள் சிலர் ஆலோசனை மேசை நடத்துகிறோம். கவுன்சில் கடிதத்தை வாசித்துச் சொல்வது, பெனிபிட் (அரச உதவிப் பணம்) படிவம் நிரப்புவது, யாரிடம் போக வேண்டும் என்று வழிகாட்டுவது, இவ்வளவுதான் எங்கள் வேலை. எங்களில் யாரும் வழக்கறிஞர் இல்லை. இங்கே எழுதுவது 2024 ஒக்டோபரில் எங்கள் மேசைக்கு வந்த ஒரு குடும்பத்தின் விவகாரம். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

வீட்டில் ஐந்து பேர். கணவர் ஒரு கிடங்கில் நைட் ஷிப்ட் வேலை. மனைவி முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பகுதி நேர வேலை. இரண்டு பிள்ளைகள். அதோடு கணவரின் தாயார், வயது 76, கணவனை இழந்தவர், 1990களின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். மாடியில் ஓர் அறையைத் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஓர் இளைஞருக்குத் தனி ஒப்பந்தம் எழுதி வாடகைக்கு விட்டிருந்தார்கள்.

டிவி லைசென்ஸ் என்பது பிபிசியை நடத்துவதற்காகப் பிரிட்டனில் வீடுகள் வருடா வருடம் கட்டும் கட்டணம். 2022 வரை இந்த வீட்டுக்கு அது இருந்தது. கணவரின் பெயரில், வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகக் கழிந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு கூரையில் இருந்த டிஷ்ஷைக் கழற்றிவிட்டு, இணையத்தில் ஓடும் தமிழ்ச் சேனல் பெட்டி ஒன்றை வாங்கினார்கள். (அந்த மாதிரிப் பெட்டிகளில் பல சட்டப்படி ஒளிபரப்பு உரிமை பெற்றவையே அல்ல. அது வேறு கதை.) டிஷ் போனதோடு லைசென்ஸும் வேண்டியதில்லை என்று கணவர் முடிவு செய்தார். வங்கியில் கட்டணத்தை நிறுத்தினார். லைசென்ஸ் அலுவலகத்துக்கு ஒரு வரி கூட எழுதவில்லை.

அவருடைய வாதத்தை லண்டனில் எந்தத் தமிழ்க் கடை வாசலிலும் கேட்கலாம்: "நாங்கள் பிபிசி பாக்கிறேல்ல. பிறகு ஏன் காசு கட்டோணும்?" 2024 ஏப்ரலில் கட்டணம் 159 பவுண்டிலிருந்து 169.50 ஆனது. 2025 ஏப்ரலில் 174.50. மூன்று வேலை மாறி மாறிச் செய்து வீட்டுக் கடன் கட்டும் ஒருவருக்கு, தான் திறந்தே பார்க்காத சேனலுக்கு வருடா வருடம் இவ்வளவு கட்டு என்றால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? அந்த எரிச்சலை நான் குறை சொல்ல மாட்டேன். வெள்ளைக்காரர்களிடமும் அதே எரிச்சல்தான் இருக்கிறது.

ஆனால் சட்டம் சொல்வது வேறு. பிபிசி பார்க்கிறீர்களா என்பதல்ல கேள்வி. எந்த நாட்டுச் சேனலாக இருந்தாலும், ஒளிபரப்பாகிற நேரத்திலேயே பார்த்தால் லைசென்ஸ் வேண்டும். டிவி, மடிக்கணினி, கைபேசி, எதில் பார்த்தாலும் அதே விதி. சென்னைச் சேனலில் இரவு ஓடும் தொடரை இங்கே மாலையில் நேரலையாகப் பார்ப்பதும் அதற்குள் அடங்கும். 2016 செப்டம்பர் முதல் பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரில் பழைய நிகழ்ச்சி பார்ப்பதற்கும் லைசென்ஸ் தேவை. மறுபக்கம், யூடியூபில் ஏற்றிவைத்த வீடியோக்களையும் நெட்ஃபிளிக்ஸ் படங்களையும் மட்டும் பார்ப்பவருக்கு லைசென்ஸ் தேவையே இல்லை. வீட்டில் டிவி இருப்பது குற்றமில்லை, டிவி இல்லாதது காப்பும் இல்லை.

இந்தக் கட்டணத்துக்கு வயது நூறு தாண்டிவிட்டது. 1922இல் வானொலிக்குப் பத்து ஷில்லிங்காகத் தொடங்கி, 1946இல் தொலைக்காட்சிக்கு இரண்டு பவுண்டு ஆகி, இப்படி வளர்ந்தது. ஒரே ஒரு சேனல் இருந்த காலத்துச் சட்டம் பல நூறு சேனல் காலத்துக்கும் இழுத்து நீட்டப்பட்டிருக்கிறது. சாதாரண மனிதர் அதைத் தப்பாகப் புரிந்துகொள்வதில் வியப்பில்லை.

கடிதங்கள்

கட்டணம் நின்ற பிறகு கடிதங்கள் வரத் தொடங்கின. முதலில் நினைவூட்டல், பிறகு எச்சரிக்கை, பிறகு உங்கள் முகவரிக்கு அலுவலர் வருவார் என்ற அறிவிப்பு. எல்லாம் கணவரின் பெயருக்கு. அவர் பிரித்தவை முதல் ஒன்றிரண்டுதான். மற்றவை சமையலறை அலமாரியின் மேல், பிட்சா விளம்பரத் தாள்களோடு கிடந்தன. மனைவி எங்களிடம் வந்தபோது அந்தக் கட்டை அப்படியே பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

உட்கார்ந்து தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தோம். ஒவ்வொரு கடிதத்தின் பின்பக்கத்திலும் லைசென்ஸ் தேவையில்லாதவர்கள் அதை எப்படித் தெரிவிப்பது என்று இருந்தது. எந்தெந்தப் பார்வைக்கு லைசென்ஸ் வேண்டும் என்பதும் இருந்தது. முன்பக்கம் முழுக்கத் தடித்த எழுத்தில் மிரட்டல் தொனி. பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் உபயோகமான தகவல். இப்படி அச்சடித்தால் கோபக்காரர் பின்பக்கம் திருப்புவாரா?

இதற்கிடையில் கணவரின் கைபேசிக்கு வாட்ஸப் வழியாக ஒரு செய்தி வந்திருந்தது. டிவி லைசென்ஸ் என்பது வெறும் ஒப்பந்தம், நீங்கள் சம்மதிக்காவிட்டால் செல்லாது, கடிதத்துக்குப் பதில் போட்டால் சம்மதித்ததாகிவிடும், எனவே எதற்கும் பதில் போடாதீர்கள் என்று. அதை அவர் நம்பினார். உண்மையில் இது ஒப்பந்த விவகாரம் அல்ல. 2003ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டத்தின் 363ஆம் பிரிவின்படி லைசென்ஸ் இல்லாமல் நேரலை பார்ப்பது குற்றவியல் குற்றம். அபராதம் 1,000 பவுண்டு வரை போகலாம். யாருடைய சம்மதமும் தேவையில்லை.

கதவு தட்டப்பட்ட மாலை

2024 ஜூன் மாதம், மாலை ஆறு மணி தாண்டிய நேரம். கணவர் அடுத்த ஷிப்டுக்காக மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். மனைவி சமையலில். முன்னறையில் மாமி, அதாவது கணவரின் தாயார், தொடர் பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது. கதவைத் திறந்தது மனைவி.

வந்தவர் அடையாள அட்டையைக் காட்டிப் பேசினார். மனைவிக்கு வேலையிடத்து ஆங்கிலம் நன்றாக வரும்: மாத்திரை நேரம், படுக்கை மாற்றுவது, குடும்பத்தாருக்குத் தகவல் சொல்வது. சட்ட ஆங்கிலம் வேறு. நீங்கள் சொல்வது சாட்சியமாகப் பயன்படலாம் என்ற எச்சரிக்கையை அவர் வாசித்தார். அதை ஏதோ அலுவலக நடைமுறை என்று இவர் நினைத்துக்கொண்டார். லைசென்ஸ் இருக்கிறதா? இல்லை. டிவி ஓடுகிறதே, அது நேரலையா? ஆம். யார் பார்ப்பது?

"எல்லாரும்" என்றார் மனைவி.

பொய் சொல்லத் தெரியாத மனிதர். மாமி மட்டும்தான் அப்போது பார்த்துக்கொண்டிருந்தார், இவர் அடுப்படியில் நின்றார். ஆனால் இரவில் எல்லோரும் சேர்ந்து பார்ப்பது வழக்கம். அதைச் சொன்னார். அலுவலர் அதைப் படிவத்தில் எழுதினார், வாசித்துக் காட்டினார், கையெழுத்துக் கேட்டார். கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ஒரு பிரதி கையில் தரப்பட்டது. அது அலமாரியின் மேல் கட்டோடு சேர்ந்தது.

இந்த அலுவலர்களுக்கு வீட்டுக்குள் நுழையும் அதிகாரம் தானாகக் கிடையாது. நீதிமன்றம் கொடுத்த தேடுதல் ஆணை இருந்தால்தான் நுழையலாம். கதவைத் திறந்தவர் பேச வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அவருக்கு இவை எதுவும் தெரியாது. தெரிந்திருந்தாலும், வாசலில் வந்து நிற்பவரிடம் பேசாமல் கதவைச் சாத்தும் பழக்கம் எங்கள் வீடுகளில் கிடையாது.

ஒக்டோபர் முதல் பாதியில் ஒரு தடித்த உறை வந்தது. அதில் முதல்முறையாக மனைவியின் பெயர்.

மேசையில் நாங்கள் பார்த்தது

அந்த உறையில் இருந்தது தனி நீதவான் நடைமுறை அறிவிப்பு. 2015இல் கொண்டுவரப்பட்ட முறை இது. சிறு குற்றங்களை ஒரே ஒரு நீதவான், சட்ட ஆலோசகர் உதவியோடு, காகிதங்களை மட்டும் வாசித்துத் தீர்ப்பார். குற்றத்தை மறுக்காதவரை வழக்கமாக விசாரணைக் கூடமும் இல்லை, நேரில் போவதும் இல்லை. 21 நாட்களுக்குள் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று பதில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டாலும் தீர்ப்பு வரும், நமக்குத் தெரியாமலே. உறையில் குற்றச்சாட்டு, அலுவலரின் வாக்குமூலம், மனைவி கையெழுத்திட்ட படிவத்தின் பிரதி, பதில் படிவம், வருமான விவரப் படிவம் எல்லாம் இருந்தன.

கணவரும் கூட வந்திருந்தார். மிகவும் குழம்பிப் போயிருந்தார். "லைசென்ஸ நிப்பாட்டினது நான். கடிதம் எல்லாம் எனக்குத்தான் வந்தது. பிறகு எப்பிடி இவவின்ர பேரில கேஸ்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

பதில் எளிது, ஆனால் கசப்பானது. கடிதம் முகவரியின் பழைய லைசென்ஸ்காரருக்குப் போகும். குற்றம் என்பது லைசென்ஸ் இல்லாமல் பார்ப்பது, அதற்கான சாட்சியம் வாசலில் கொடுத்த வாக்குமூலம். எனவே வழக்கு கதவைத் திறந்தவர் மீது விழும். இந்தக் குற்றத்துக்காக 2019இல் தண்டிக்கப்பட்டவர்களில் 74 சதவீதம் பெண்கள். அலுவலர் வரும் நேரத்தில் வீட்டில் இருப்பவர் யார், பெயர் கேட்டால் சொல்பவர் யார், தனியாகப் பிள்ளைகளோடு வாழ்பவர் யார் என்று யோசித்தால் காரணம் புரியும். பிபிசியே இதை ஆராய்ந்து 2023இல் ஓர் அறிக்கை வெளியிட்டது.

மனைவியின் பயம் அபராதம் பற்றியது அல்ல. இரண்டு விஷயங்கள் அவரை உறங்கவிடவில்லை. ஒன்று வேலை: பராமரிப்பு இல்லத்தில் குற்றப் பின்னணிச் சோதனை உண்டு. இரண்டாவது குடியுரிமை: அவர் திருமண விசாவில் வந்து நிரந்தர வதிவிடம் பெற்றவர், அடுத்த வருடம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருந்தார். அந்தப் படிவம் குற்றத் தண்டனைகளைச் சொல்லச் சொல்கிறது.

முதல் பயத்தை ஓரளவு தணிக்க முடிந்தது. டிவி லைசென்ஸ் குற்றம் பொலிஸின் தேசியக் கணினியில் பதியப்படும் வகையைச் சேர்ந்தது அல்ல. இரண்டாவதைப் பற்றி நாங்கள் வாய் திறக்கவில்லை. குடிவரவு ஆலோசனை சொல்வதற்கு இங்கே அனுமதி பெற்றிருக்க வேண்டும். அனுமதி உள்ள ஒருவரிடம் அனுப்பினோம். அவர் சொன்னதன் சுருக்கம்: தண்டனை விழுந்தால் மறைக்காமல் எழுத வேண்டும், விழாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் அதுவே நல்லது.

மேசையில் வேறொன்றும் தெரியவந்தது. முகவரியையும் வீட்டில் இருப்பவர்களையும் வழக்கம்போல் எழுதிக்கொண்டிருந்தபோது, மாமியின் வருமானம் என்ன என்று கேட்டேன். சில வருடம் பொதி கட்டும் வேலை செய்ததற்கான சிறிய அரச ஓய்வூதியம். அதற்கு மேல் எதுவும் இல்லை. வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசு தரும் உதவிப் பணமான பென்ஷன் கிரெடிட் எடுக்கிறாரா? "அதெல்லாம் தனியா இருக்கிற ஆக்களுக்குத்தானே" என்றார் மகன்.

அப்படியல்ல. வளர்ந்த மகனோடு ஒரே வீட்டில் இருந்தாலும் மாமியின் சொந்த வருமானம்தான் கணக்கு, மகனின் சம்பளம் கணக்கில் வராது. 2024இல் தனியாள் ஒருவரின் வார வருமானத்தை 218.15 பவுண்டு வரை உயர்த்திக் கொடுத்தார்கள். மாமிக்கு வந்துகொண்டிருந்தது அதில் பாதிகூட இல்லை. 75 வயதைக் கடந்து பென்ஷன் கிரெடிட்டும் பெறுபவருக்கு டிவி லைசென்ஸ் இலவசம். 2000 நவம்பர் முதல் 75 தாண்டிய எல்லோருக்கும் இலவசமாக இருந்ததை 2020 ஓகஸ்ட்டில் நிறுத்தி, பென்ஷன் கிரெடிட் பெறுபவர்களுக்கு மட்டும் வைத்தார்கள். அந்த இலவச லைசென்ஸ் அந்த முகவரியில் அவரோடு வாழும் குடும்பம் முழுவதுக்கும் செல்லுபடியாகும்.

அதாவது, மாமிக்கு 75 வயதானபோதே பென்ஷன் கிரெடிட்டுக்கும் இலவச லைசென்ஸுக்கும் விண்ணப்பித்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது. கட்டணம் கட்டச் சொல்லி மிரட்டும் கடிதங்கள் குவிந்துகொண்டிருந்த வீட்டுக்கு, கட்டாமலே இருக்க முழு உரிமை இருந்தது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு, உடனே லைசென்ஸ் வாங்குவது. கணவர் மறுத்தார். இப்போது வாங்கினால் தப்பை ஒப்புக்கொண்டதாகாதா என்றார். தப்பு ஏற்கெனவே மனைவியின் கையெழுத்தோடு காகிதத்தில் இருக்கிறது என்று காட்டினோம். முதல்முறை மாட்டியவர்கள், வழக்கு நீதவானிடம் போகுமுன் லைசென்ஸ் வாங்கினால், வழக்குத் தொடுத்தவர்கள் பெரும்பாலும் அதைக் கருத்தில் எடுப்பார்கள். மாதக் கட்டணமாகக் கட்டலாமா என்று கேட்டார். புதிதாகத் தொடங்குபவர் முதல் ஆறு மாதத்தில் முழு வருடக் கட்டணத்தையும் கட்டி முடிக்க வேண்டும், அதனால் ஆரம்பத்தில் மாதம் 28 பவுண்டுக்கு மேல் போகும். எங்களுக்கு வேண்டியது கையில் ஒரு ரசீது. முழுத் தொகையும் கட்டி லைசென்ஸ் எண்ணை அன்றே வாங்கினோம், இந்தமுறை மனைவியின் பெயரில்.

இரண்டாவது, ஒப்புக்கொள்வதா மறுப்பதா. இதை நாங்கள் முடிவு செய்யவில்லை. இலவச சட்ட உதவி மையம் ஒன்றில் ஒரு சொலிசிட்டரிடம் தொலைபேசியில் பேச நேரம் வாங்கிக் கொடுத்தோம். எச்சரிக்கை வாசித்தது மனைவிக்குப் புரியவில்லை என்பதை வைத்து மறுக்கலாமா என்று கேட்டோம். முடியும், ஆனால் படிவத்தில் உள்ளது அத்தனையும் உண்மை, நீதிமன்றத்தில் குறுக்குக் கேள்வி கேட்டால் அவர் மறுபடியும் உண்மையைத்தான் சொல்வார் என்றார் சொலிசிட்டர். எனக்கும் அதே எண்ணம். ஒப்புக்கொண்டால் அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

மூன்றாவது முடிவுதான் இந்த விவகாரத்தில் முக்கியமானது என்று நினைக்கிறேன். ஒப்புக்கொண்டு, தன் நிலைமையை விளக்கி ஒரு கடிதத்தைப் பதில் படிவத்தோடு அனுப்பலாம். பெரும்பாலானவர்கள் அதைச் செய்துவிட்டு, எல்லோரும் வாசிப்பார்கள் என்று இருந்துவிடுவார்கள். அந்தக் கடிதம் போவது நீதிமன்றத்துக்கு. வழக்குத் தொடுத்தவர்கள் அதைப் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. படுத்த படுக்கையாய் இருக்கும் முதியவர்களும் மனநோயாளிகளும் எழுதிய உருக்கமான விளக்கங்கள் வழக்கைத் திரும்பப் பெறக்கூடியவரின் கண்ணில் படாமலே தண்டனை விழுந்த செய்திகள் 2023இல் லண்டன் பத்திரிகைகளில் வந்தன. 2024 மார்ச்சில் நீதவான்கள் சங்கமே இந்த முறையைத் திருத்த வேண்டும் என்று கேட்டது, விளக்கக் கடிதங்களை வழக்குத் தொடுப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது.

அதனால் ஒரே கடிதத்தை இரண்டு பிரதியாக எழுதினோம். ஒன்று நேராக வழக்குத் தொடுத்த அலுவலகத்துக்கு, முதலில், பதிவுத் தபாலில். அதில் லைசென்ஸ் எண், மாமியின் வயது, பென்ஷன் கிரெடிட் விண்ணப்பம் போடப்பட்டிருக்கிறது என்ற விவரம், பிபிசி பார்ப்பவர்களுக்கு மட்டும்தான் லைசென்ஸ் என்று உண்மையாகவே நம்பியது, வழக்கைத் திரும்பப் பெறும்படி கோரிக்கை. மற்றப் பிரதியை ஒப்புதல் பதிலோடு நீதிமன்றத்துக்கு, கடைசித் தேதிக்குச் சற்று முன்பு. இடையில் பதில் வந்துவிட்டால் ஒப்புக்கொள்ளவே தேவையிருக்காது என்று ஒரு நப்பாசை.

கடிதத்தில் கோபத்தை எழுத வேண்டும் என்று கணவர் விரும்பினார். இந்தக் கட்டணமே அநியாயம், சுவிட்சர்லாந்தில் இருக்கும் அண்ணன் வருடம் 335 பிராங்க் கட்டுகிறார், ஆனால் அங்கே ஒருவரும் வந்து கதவு தட்டுவதில்லை என்றார். அது உண்மைதான். அங்கே 2019 முதல் டிவி இருக்கிறதோ இல்லையோ வீட்டுக்கு வீடு பில் போகிறது, ஆகவே யார் பார்க்கிறார் என்று விசாரிக்க வேண்டியதே இல்லை. ஜெர்மனியும் 2013இல் அப்படி மாறியது. பிரான்ஸ் 2022இல் கட்டணத்தையே ஒழித்தது. பேச நிறைய இருக்கிறது. ஆனால் மனைவியின் வழக்கு அதற்கான இடம் அல்ல. கணவரின் பெயரில் அவரது நாடாளுமன்ற உறுப்பினருக்குத் தனிக் கடிதம் எழுதிக் கொடுத்தோம், அதில் அவர் சொன்னது எல்லாம் இருந்தது. அதில் அவருக்கு ஒரு திருப்தி.

இந்த இடத்தில் மாமி ஒரு வார்த்தை சொன்னார். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவுக்கு உயிர் கொடுத்து பிபிசி தமிழோசை கேட்ட வீடு அவருடையது. "அப்ப அதுக்கு ஆர் காசு குடுத்தது?" என்று கேட்டார். அப்போது பிரிட்டிஷ் அரசு, 2014 முதல் பெரும்பாலும் இந்த லைசென்ஸ் பணம். 1941இல் தொடங்கிய அந்த வானொலிச் சேவை 2017 ஏப்ரலில் நின்றது. மகன் இதனால் எல்லாம் மனம் மாறவில்லை.

மாமியின் விண்ணப்பத்துக்கு ஓர் அவசரம் இருந்தது. 2024 குளிர்காலத்தில் அரசு எரிபொருள் உதவித்தொகையை, பென்ஷன் கிரெடிட் போன்ற உதவிகளைப் பெறும் முதியவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியிருந்தது. பென்ஷன் கிரெடிட்டை மூன்று மாதம் முன்தேதியிட்டுக் கேட்கலாம். டிசம்பர் 21க்குள் விண்ணப்பித்தால் அந்த எரிபொருள் உதவியான 200 பவுண்டும் கிடைக்கும். அடுத்த திங்கட்கிழமையே தொலைபேசியில் விண்ணப்பம் போட்டோம். மாமிக்கு அருகில் இருந்து மொழிபெயர்த்தது மருமகள்.

பின்னர் நடந்தது

வழக்குத் தொடுத்த அலுவலகத்திலிருந்து கடைசித் தேதி வரை பதில் இல்லை. நப்பாசை பலிக்கவில்லை. ஒப்புதலையும் விளக்கத்தையும் வருமான விவரத்தையும் இணையத்தில் பதிவு செய்தோம். சில வாரம் கழித்து ஒரே ஒரு பக்கக் கடிதம் வந்தது: வழக்கு திரும்பப் பெறப்பட்டது. காரணம் எதுவும் எழுதவில்லை. எங்கள் கடிதத்தால்தான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. லைசென்ஸ் எண் கணினியில் ஏறியதாலேயே தானாக நடந்திருக்கலாம். எப்படியோ, தண்டனை இல்லை. குடியுரிமைப் படிவத்தில் என்ன எழுத வேண்டும் என்பதை மட்டும் அந்தக் குடிவரவு ஆலோசகரிடமே மறுபடி கேட்கச் சொன்னோம்.

2025 ஜனவரியில் மாமிக்குப் பென்ஷன் கிரெடிட் கிடைத்தது, முன்தேதியிட்ட மாதங்களின் பணத்தோடு. குளிர்கால உதவியும் வந்தது. அதன் பிறகு மாமியின் பெயரில் இலவச லைசென்ஸுக்கு விண்ணப்பித்து, மருமகளின் பெயரில் வாங்கிய லைசென்ஸின் மீதி மாதங்களுக்கான பணத்தைத் திரும்பக் கேட்டோம். அதுவும் வந்தது. 169.50 பவுண்டுக்காக இரண்டு வருடம் கோபப்பட்ட வீட்டுக்கு, அதைப்போலப் பல மடங்கு பணம் வருடா வருடம் வரவேண்டியிருந்தது. அதை வாங்கச் சொல்லி ஒருவரும் கதவைத் தட்டவில்லை.

மாடி அறை இளைஞரின் விஷயம் நடுவில்தான் தெரியவந்தது. அவர் அறையில் மடிக்கணினியில் ஐபிஎல் ஆட்டங்களை நேரலையில் பார்ப்பவர். வீட்டு லைசென்ஸ் தனக்கும் போதும் என்று நினைத்திருந்தார். தனி ஒப்பந்தத்தில் அறை எடுத்தவருக்கு அந்த அறைக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் முழு வீட்டை எடுத்தால் ஒன்று போதும். மாமியின் இலவச லைசென்ஸும் அவர் அறைக்குச் செல்லாது. நாங்கள் இதைச் சொன்னபோது, "சரி, அப்ப மறுநாள் ஹைலைட்ஸ் பாத்துக்கிறேன்" என்று சிரித்தார். லைசென்ஸ் தேவையில்லை என்று தன் அறைக்கு அறிவிப்புக் கொடுத்துவிட்டார்.

இனி மாற்றிச் செய்வது

இந்த விவகாரத்துக்குப் பிறகு மேசையில் கேட்கும் கேள்விகள் மாறியிருக்கின்றன. டிவி லைசென்ஸ் கடிதத்தோடு யார் வந்தாலும், கட்டினீர்களா என்று முதலில் கேட்பதில்லை. வீட்டில் 75 தாண்டியவர் இருக்கிறாரா, அவருடைய சொந்த வருமானம் என்ன என்று கேட்கிறோம். கண் பார்வை கடுமையாகக் குறைந்தவர் இருந்தால் பாதிக் கட்டணம்தான், அதையும் கேட்கிறோம். அப்புறம்தான் என்ன பார்க்கிறீர்கள், எப்படிப் பார்க்கிறீர்கள் என்பது. நேரலையே இல்லை என்றால் தேவையில்லை என்ற அறிவிப்பை அன்றே செய்து கொடுக்கிறோம், பொய்யாகச் செய்யக்கூடாது என்ற எச்சரிக்கையோடு. கடிதத்தைப் போட்டுவைத்துக் காத்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

யார் பெயரில் வழக்கு என்பதையும் முதலிலேயே பார்க்கிறோம். கணவர்கள் கடிதக் கட்டோடு வந்து தாங்களே பேசுகிறார்கள். வழக்கு மனைவி பெயரில் என்றால் மனைவியிடம் தனியாகப் பேச நேரம் ஒதுக்குகிறோம். அவருக்கு வேலையிலோ விசாவிலோ என்ன சிக்கல் வரும் என்பது பக்கத்தில் கணவர் இருக்கும்போது வெளியே வருவதில்லை.

வாசலில் என்ன செய்வது என்பது பற்றி எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. பேசாமல் கதவைச் சாத்துங்கள் என்று சொல்வதா? அது சட்டப்படி சரி. ஆனால் பேச மறுப்பது எதையும் தீர்ப்பதில்லை, கடிதமும் வருகையும் தொடரும். நான் சொல்வது இதுதான்: பெயரைச் சொல்லுமுன், மொழிபெயர்ப்பு வேண்டும், பிறகு எழுத்தில் பதில் தருகிறேன் என்று சொல்லுங்கள். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பிறகு உண்மையிலேயே எழுத்தில் பதில் கொடுங்கள்.

குற்றவியல் சட்டத்திலிருந்து இதை எடுக்க வேண்டும் என்ற பேச்சு பல வருடமாக நடக்கிறது. 2015இல் அரசு அமர்த்திய ஆய்வு அப்படியே இருக்கட்டும் என்றது. 2020இல் மறுபடி மக்கள் கருத்துக் கேட்டு, 2021 ஜனவரியில் இப்போதைக்கு மாற்றமில்லை என்று முடிவானது. பிபிசியின் இப்போதைய அரச சாசனம் 2027 டிசம்பர் 31 வரை. அதற்குப் பிறகு இந்தக் கட்டணம் எந்த வடிவில் இருக்கும் என்பது அந்தச் சாசனத்தைப் புதுப்பிக்கும் பேச்சுவார்த்தையில் தெரியும். அதுவரை சட்டம் இதுதான்.

இந்த வீட்டுக்கு இன்னொரு குறிப்பும் எழுதிக் கொடுத்தோம். இலவச லைசென்ஸ் மாமியின் பெயரில் இருக்கிறது, அவர் அங்கே வசிக்கும் வரை மட்டும்தான் அது அந்தக் குடும்பத்துக்குச் செல்லும். அவர் பிரான்ஸில் இருக்கும் மகளிடம் நிரந்தரமாகப் போனாலோ அவருக்கு ஏதாவது ஆனாலோ, நேரலை பார்க்கும் மற்றவர்கள் உடனே புதிதாக வாங்க வேண்டும். இளைஞரின் அறிவிப்பையும் இரண்டு வருடத்தில் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்பார்கள். இரண்டு குறிப்புகளையும் மனைவி தன் கைபேசி நாட்காட்டியில் போட்டிருக்கிறார். கடிதங்களை இப்போது பிரிப்பதும் அவர்தான், யார் பெயருக்கு வந்தாலும்.